ருசி கண்ட பூனையும் சூடு கண்ட பூனையும்

பூனையைப் பற்றித் தமிழில் இரண்டு பழமொழிகள் வழங்குகின்றன. 'ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும்' என்பது ஒன்று. 'சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது' என்பது மற்றொன்று. நம் பாட்டிமார் அன்றாடம் சொல்லி வந்த இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சென்ற நூற்றாண்டின் உளவியல் அறிஞர்கள் எலிகளையும் புறாக்களையும் வைத்துக்கொண்டு அரும்பாடுபட்டு ஆராய்ந்த பொருளின் பெரும்பகுதி அவற்றுள் அடங்கியிருப்பது தெரியும். ஒரு செயலுக்குப் பின் என்ன கிடைக்கிறதோ, அதுவே அச்செயல் வளர்வதா தேய்வதா என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது. சுருக்கமாகச் சொன்னால் பாடம் இவ்வளவுதான்.

நான் விலங்கியல் முதுகலை மாணவன். மலருக்கு உன் துறையிலிருந்து ஒரு கட்டுரை வேண்டும் என்று மன்றச் செயலாளர் கேட்டபோது, இந்தப் பொருளே முதலில் நினைவுக்கு வந்தது. இதை நான் வகுப்பில் கற்றது சென்ற ஆண்டு. ஆனால் அதற்கு முன்பே, ஒன்பது வயதில், தில்லியில் இரண்டு இடங்களில் இந்தப் பாடம் என் மேல் நடத்தப்பட்டது. இந்த ஆண்டு நானே அதை இன்னொரு குழந்தையின் மேல் தவறாக நடத்தினேன். முதலில் அறிவியலைச் சொல்லிவிட்டு, பிறகு அந்தக் கதைகளுக்கு வருகிறேன்.

பெட்டிக்குள் ஒரு பூனை

1898-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு தார்ண்டைக் என்னும் மாணவர் தம் ஆராய்ச்சியுரையை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 23. என் வயதுதான்! அவர் மரச்சட்டங்களால் சில பெட்டிகளைச் செய்தார். பசித்த பூனையை உள்ளே விட்டுக் கதவை மூடுவார். வெளியே உணவு இருக்கும். உள்ளே தொங்கும் ஒரு கயிற்று வளையத்தை இழுத்தாலோ, ஒரு பலகையை மிதித்தாலோ கதவு திறந்துகொள்ளும்.

பூனை என்ன செய்தது? சட்டங்களைக் கடித்தது, பிராண்டியது, இடுக்குகளில் காலை நுழைத்தது. அந்தப் போராட்டத்தில் தற்செயலாக ஒரு கால் வளையத்தில் பட்டது. கதவு திறந்தது. உணவு கிடைத்தது. மீண்டும் பூனையைப் பெட்டிக்குள் விட்டார். மீண்டும் அதே போராட்டம். ஆனால் ஒவ்வொரு முறையும் பயனற்ற அசைவுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன. ஒரு பூனை முதல் முறை வெளியே வர 160 நொடி எடுத்துக்கொண்டது. இருபது முறைக்கு மேல் பழகியபின் ஏழெட்டு நொடியில் வெளியே வந்தது. இடையில், 'ஆ! புரிந்துவிட்டது' என்று திடீரென்று நேரம் ஒரேயடியாகக் குறைந்த இடம் எதுவும் இல்லை. தட்டுத் தடுமாறி, மேலும் கீழுமாக, மெல்ல மெல்லவே குறைந்தது.

இதிலிருந்து தார்ண்டைக் வகுத்ததே 'விளைவு விதி' எனப்படுவது. இன்பம் தரும் விளைவைப் பெற்ற செயல் அந்தச் சூழ்நிலையோடு இறுகப் பிணைகிறது. துன்பம் தரும் விளைவைப் பெற்ற செயலின் பிணைப்புத் தளர்கிறது என்றார் அவர். ருசி கண்ட பூனை, சூடு கண்ட பூனை இரண்டும் இதில் இருக்கின்றன. ஆனால் அவர் கதை இத்தோடு முடியவில்லை. மேலும் முப்பது ஆண்டுகள் ஆராய்ந்தபின், விதியின் முதற்பாதி சரி, இரண்டாம் பாதி நான் நினைத்த அளவுக்குச் சரியன்று என்று அவரே திருத்திக்கொண்டார். இந்தத் திருத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

விளைவுகள் நான்கு

தார்ண்டைக்குக்குப் பின் இத்துறையை விரிவாக வளர்த்தவர் பி. எஃப். ஸ்கின்னர். அவர் அமைத்த சிறு பெட்டியில் ஒரு நெம்புகோல் இருக்கும். எலி அதை அழுத்தினால் ஓர் உணவு உருண்டை விழும். எத்தனை முறை, எந்த வேகத்தில் அழுத்துகிறது என்பதை ஒரு கருவி தானே தாளில் வரைந்துகொண்டு போகும். இவ்வாராய்ச்சிகளை 1938-இல் நூலாக வெளியிட்டார்.

ஒரு செயலை வளர்க்கும் விளைவுக்கு 'வலுவூட்டல்' என்று பெயர். அது இருவகைப்படும். விரும்பியது ஒன்று வந்து சேர்வது நேர் வலுவூட்டல். விரும்பாதது ஒன்று விலகிப் போவது எதிர்மறை வலுவூட்டல். தேர்வில் பலரும் தவறுவது இங்கேதான். எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்று எழுதிவிடுகிறார்கள். தில்லியின் சனவரிக் குளிரில் ரஜாயைத் தலைவரை இழுத்துப் போர்த்துகிறோமே, அங்கே என்ன கிடைக்கிறது? புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. குளிர் விலகுகிறது, அவ்வளவே. ஆனால் அந்த விலகலே மறுநாளும் நம்மை இழுத்துப் போர்த்த வைக்கிறது. இதுதான் எதிர்மறை வலுவூட்டல்.

தண்டனையும் அவ்வாறே இருவகை. வேண்டாதது வந்து சேர்வது ஒன்று. வேண்டியது பறிபோவது மற்றொன்று. திட்டு வாங்குவது முதல் வகை. தாமதமாக வந்ததற்காக வருகைப் பதிவை இழப்பது இரண்டாம் வகை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எது வலுவூட்டல், எது தண்டனை என்பதைக் கொடுப்பவரின் எண்ணம் முடிவு செய்வதில்லை. பெறுபவரின் நடத்தையே முடிவு செய்கிறது. வகுப்பில் குறும்பு செய்யும் சிறுவனை ஆசிரியர் எல்லார் முன்னும் எழுப்பிக் கண்டிக்கிறார். அவனோ மறுநாள் இன்னும் அதிகமாகக் குறும்பு செய்கிறான். ஆசிரியர் எண்ணத்தில் அது தண்டனை. நாற்பது பேரும் தன்னைத் திரும்பிப் பார்த்ததே அவனுக்குக் கிடைத்த பரிசு!

ஒரு சனிக்கிழமையும் விடுதி நாயும்

ஸ்கின்னரின் கண்டுபிடிப்புகளுள் சில தற்செயலாக நேர்ந்தவை. ஒருமுறை உணவு உருண்டை விழும் கருவி சிக்கிக்கொண்டது. எலி அழுத்துகிறது, உணவு வரவில்லை. எலி மேலும் மேலும் அழுத்திப் பார்த்து, விட்டு விட்டு முயன்று, கடைசியில் ஓய்ந்தது. வலுவூட்டல் நின்றால் கற்ற செயல் எவ்வாறு படிப்படியாக அவிந்துபோகிறது என்பதன் முதல் வரைபடம் அவ்வாறுதான் அவருக்குக் கிடைத்தது.

இன்னொரு நிகழ்ச்சி நம்மைப் போன்ற மாணவர்களுக்குப் பிடிக்கும். எட்டு எலிகள் நாளொன்றுக்கு ஆளுக்கு நூறு உருண்டைகளைத் தின்றுவந்தன. அவ்வளவையும் கையால் இயக்கும் ஒரு கருவியில் அவரே செய்ய வேண்டும். ஒரு சனிக்கிழமை பிற்பகல் கணக்குப் பார்த்தபோது, திங்கட்கிழமைக்குள் கையிருப்புத் தீர்ந்துவிடும் என்று தெரிந்தது. மாலை முழுவதும் உருண்டை பிடிக்க அவருக்கு மனமில்லை. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஏன் கொடுக்க வேண்டும்? நிமிடத்துக்கு ஒன்று கொடுத்தால் என்ன? அவ்வாறே செய்தார். எலிகள் அழுத்துவதை நிறுத்தவில்லை. சீரான வேகத்தில் அழுத்திக்கொண்டே இருந்தன. எப்போதாவது மட்டும் பலன் கிடைத்துப் பழகிய செயல், பலன் நின்றபின்னும் எளிதில் அவிவதில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஒவ்வொரு முறையும் பலன் கண்டு பழகிய செயலோ விரைவில் அவிகிறது.

இதற்கு நம் விடுதியிலேயே சான்று உண்டு. மெஸ் வாசலில் படுத்திருக்கும் நாயை எல்லாரும் அறிவீர்கள். சென்ற குளிர்காலத்தில், இதற்கு யாரும் ரொட்டி போடக் கூடாது என்று விடுதிக் குழு அறிவிப்பு ஒட்டியது. முதல் இரண்டு நாள் நாய் முன்னைவிட அதிகமாகக் குரைத்தது; மேசைவரை வந்தது. இதுவும் நூலில் உள்ளதுதான். பலன் நின்றவுடன் முயற்சி முதலில் பொங்கியெழுந்து, பிறகே அடங்கும். நான்காம் இரவு யாரோ ஒருவர் மனம் பொறுக்காமல் அரை ரொட்டியைப் போட்டுவிட்டார். அந்தப் புண்ணியவான் யார் என்று கேட்காதீர்கள். அன்றுமுதல் நான்கு நாள் காத்திருக்கவும் நாய் கற்றுக்கொண்டது. அறிவிப்பை ஒட்டாமலே இருந்திருக்கலாம்.

நாயைப் பார்த்துச் சிரிக்கும் நாம் நம் கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியை ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை எடுத்துப் பார்க்கிறோம்? பத்து முறையில் ஒன்பது முறை அங்கே ஒன்றும் இருப்பதில்லை. பத்தாம் முறை நண்பனின் செய்தியோ, ஒரு வேடிக்கைப் படமோ இருக்கிறது. எந்த முறை என்று தெரியாது. அந்தத் தெரியாமைதான் நம்மைக் கட்டிப்போடுகிறது. சூதாட்டப் பொறியும் இதே கணக்கில்தான் ஓடுகிறது.

மூளைக்குள் நடப்பதும் இதற்கு இயைந்தே இருக்கிறது. உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் முதலியோர் குரங்குகளை வைத்து ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட கட்டுரை புகழ்பெற்றது. மூளையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் சில நரம்பணுக்கள், எதிர்பாராத பழச்சாறு கிடைத்தபோது துடிப்பாகச் செயல்பட்டன. எதிர்பார்த்த சாறு எதிர்பார்த்தபடியே வந்தபோது அவற்றில் மாற்றம் இல்லை. எதிர்பார்த்தது வராமற் போனபோது துடிப்புக் குறைந்தது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேற்றுமையை அவை கணக்கிடுகின்றன எனலாம். அந்த வேற்றுமையைக் கொண்டே மூளை கற்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

சூடு எதைக் கற்பிக்கிறது?

இனிச் சூடு கண்ட பூனையிடம் வருவோம். 'அடியாத மாடு படியாது' என்றும், 'முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்' என்றும் நம்மிடம் பழமொழிகள் இருக்கின்றன. பழமொழி என்பதாலேயே அது மெய்யாகிவிடுமா?

ஸ்கின்னர் ஒரு சோதனை செய்தார். நெம்புகோலை அழுத்திப் பழகிய எலிகளுக்கு உணவை நிறுத்தினார். அவற்றுள் ஒரு பகுதி எலிகளுக்கு மட்டும், முதல் பத்து நிமிடம், அழுத்தும்போதெல்லாம் நெம்புகோல் காலில் சுளீரென்று அடிக்குமாறு செய்தார். அடிபட்ட எலிகள் உடனே அழுத்துவதைக் குறைத்துக்கொண்டன. ஆனால் அடி நின்றபின் மெல்ல மீண்டன. இரண்டாம் நாள் முடிவில் கூட்டிப் பார்த்தால், அடிபட்டவையும் அடிபடாதவையும் ஏறத்தாழ ஒரே அளவே அழுத்தியிருந்தன! அடி அந்தச் செயலை அழிக்கவில்லை. சிறிது நேரம் ஒளித்து வைத்தது. தண்டனை கடுமையாகவும், உடனுக்குடனும், ஒருமுறைகூடத் தவறாமலும் வந்தால் நெடுநாள் அடக்கிவைக்கும் என்று பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டின. அது மெய்யே. ஆனாலும் தண்டனையால் செய்ய முடியாத ஒன்று உண்டு. எதைச் செய்யக் கூடாது என்று அது சொல்லும். எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லாது. அதனோடு, சூடு பட்ட பூனை நெருப்பை மட்டும் வெறுப்பதில்லை. அடுப்பங்கரையையே வெறுக்கிறது. பால் இருப்பதும் அங்கேதான் என்றாலும் போவதில்லை.

இதை நான் நூலில் படித்தபோது எனக்கு எலி நினைவுக்கு வரவில்லை. ஒரு வகுப்பறை நினைவுக்கு வந்தது.

அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் தென்காசிப் பக்கத்திலிருந்து தில்லிக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. சேர்ந்த சில வாரங்களில், இந்தி வகுப்பில் எழுந்து என் புத்தகத்தைக் காட்டி 'மேரா கிதாப்' என்றேன். இந்தியில் புத்தகம் பெண்பால். 'மேரீ கிதாப்' என்று சொல்ல வேண்டும். உயிரற்ற பொருளுக்கு ஆண் பெண் உண்டு என்பதைத் தமிழ்க் குழந்தை எப்படி அறியும்? ஆசிரியர் நான் சொன்னதை என் குரலிலேயே திருப்பிச் சொன்னார். வகுப்பு சிரித்தது. மறுமுறை சொல்லச் சொன்னார். நாக்குழறி வேறொரு தவறு செய்தேன். மீண்டும் சிரிப்பு.

என்னை யாரும் அடிக்கவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையைத் தடை செய்கிறது. மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆனால் நாற்பது பேரின் சிரிப்பை அந்தக் கணக்கில் எழுதுவார் யார்?

அன்று நான் என்ன கற்றேன்? கிதாப் பெண்பால் என்று கற்கவில்லை. பேசாமலிருக்கக் கற்றேன். கேள்வி வரும்போது குனிந்து பென்சிலைத் தேடுவேன். ஆசிரியரின் பார்வை என்னைக் கடந்து போகும். நெஞ்சு படபடப்பு அடங்கும். ரஜாயை இழுத்துப் போர்த்தியது போன்ற நிம்மதி! அந்த நிம்மதியே என் மௌனத்துக்குக் கிடைத்த வலுவூட்டல். பேச்சுக்குத் தண்டனை ஒருமுறை. மௌனத்துக்குப் பரிசு நாள்தோறும். எந்தப் பக்கம் வெல்லும்? 'மிகவும் அமைதியான பையன்' என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதினார்கள். அப்பா மகிழ்ந்தார்.

காய்கறி வண்டி

ஆயினும் நான் இந்தி கற்றேன். வகுப்பில் அன்று, எங்கள் குடியிருப்பு வாசலில் மாலைதோறும் வந்து நின்ற ஒரு காய்கறி வண்டியில்.

அம்மாவுக்கு இந்தி வராது. ஆகவே பையைக் கொடுத்து என்னை அனுப்புவார். வெண்டைக்காயைக் காட்டி 'பிண்டி அச்சா ஹை?' என்று கேட்பேன். அதுவும் தவறு, பிண்டியும் பெண்பால். வண்டிக்காரப் பெரியவர் சிரிக்கவில்லை. 'அச்சீ ஹை, பேட்டா, அச்சீ ஹை' என்று சொல்லிக்கொண்டே நிறுத்துப் போடுவார். கேட்டது பைக்குள் விழுந்தது. அதற்கு மேல் ஒரு பிடி கொத்தமல்லியும் இரண்டு பச்சை மிளகாயும் இலவசமாக விழும். நாளடைவில் நானும் 'அச்சீ' என்றேன். அவர் எனக்கு இலக்கணம் சொல்லவில்லை. திருத்தம் அவர் விடையிலேயே இருந்தது. அதை எடுத்துக்கொள்ளும் துணிவு எனக்கு இருந்தது.

ஒரே சிறுவன், ஒரே மொழி. வகுப்பில் ஊமை, வண்டியருகே வாயாடி. எந்த இடத்தில் எந்தச் செயலுக்குப் பலன் உண்டு என்பதை உயிர்கள் தனித்தனியே கற்கின்றன. பச்சை விளக்கு எரியும்போது மட்டும் உணவு வரும் என்றால், புறா பச்சை விளக்கின்போது மட்டுமே கொத்தும். எனக்கு வகுப்பறை சிவப்பு விளக்கு. வண்டி பச்சை விளக்கு. ஒரு மாணவன் ஓரிடத்தில் பேசாததைக் கண்டு 'இவனுக்கு வராது' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவனுடைய பச்சை விளக்கு எங்கே எரிகிறது என்று தேட வேண்டும்.

பரிசிலும் இடர் உண்டு

அப்படியானால் எதற்கும் பரிசு கொடுத்துவிட்டால் போதுமா? போதாது. பரிசு நாம் நினைத்ததை வளர்ப்பதில்லை. நாம் எதற்குக் கொடுத்தோமோ அதை வளர்க்கிறது.

1902-இல் வியட்நாமின் ஹனோய் நகரில் எலித்தொல்லை பெருகியது. பிளேக் நோய் பற்றிய அச்சமும் இருந்தது. அப்போது அங்கே ஆட்சி செய்த பிரெஞ்சுக்காரர்கள், எலியைக் கொன்று வாலைக் கொண்டுவந்து காட்டினால் காசு என்று அறிவித்தனர். வால்கள் வந்து குவிந்தன. சில நாளில் நகரில் வாலில்லாத எலிகள் ஓடுவதை அதிகாரிகள் கண்டனர். மக்கள் வாலை மட்டும் வெட்டிக்கொண்டு எலியை விட்டுவிட்டனர். எலி குட்டி போட்டால்தானே மேலும் வால் கிடைக்கும்! புறநகரில் சிலர் எலிகளை வளர்க்கவே தொடங்கிவிட்டனர். காசு எலியைக் கொல்வதற்காக அறிவிக்கப்பட்டது. ஆனால் வாலுக்காகக் கொடுக்கப்பட்டது. வால் பெருகியது.

மற்றோர் இடர் நுண்மையானது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூவர் ஒரு மழலையர் பள்ளியில் செய்த ஆராய்ச்சியை வெளியிட்டனர். தாமாகவே விரும்பிப் படம் வரையும் குழந்தைகளை அவர்கள் மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினரிடம், வரைந்தால் தங்க முத்திரையிட்ட சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். இரண்டாம் பிரிவினருக்கு முன்னறிவிப்பின்றி வரைந்தபின் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்துப் பார்த்தபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் தாமாக வரையும் நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. முன்னறிவிப்பின்றிப் பெற்றவர்களிடம் அக்குறைவு இல்லை. விளையாட்டாக இருந்தது கூலிவேலையாக மாறியதுதான் காரணம் என்று அவர்கள் கருதினர்.

மனிதன் எலியல்லன் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஏன், எலியே கூட நாம் நினைக்கும் அளவுக்கு எளிய எலியன்று! 1930-இல் டோல்மனும் ஹான்சிக்கும் சில எலிகளைப் பத்து நாள் பரிசின்றிச் சிக்கலான பாதையில் திரியவிட்டனர். அவை கற்றதாகவே தெரியவில்லை. பதினோராம் நாள் உணவு வைத்தவுடன், அடுத்த நாளே அவற்றின் தவறுகள் சட்டென்று குறைந்தன. பரிசின்றியும் அவை பாதையைக் கற்றிருந்தன. காட்டுவதற்குக் காரணம் இல்லாமல் இருந்தன. ஆகவே, வாய் திறவாத மாணவன் கல்லாதவன் என்று எண்ண வேண்டா.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

நம் மன்றம் ஞாயிறுதோறும் தில்லித் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நடத்தும் தமிழ் வகுப்பில் இந்த ஆண்டு நானும் ஓர் ஆசிரியன். இவ்வளவும் படித்தவன் அங்கே என்ன செய்தேன் தெரியுமா?

முதலில், ஒரு சொல் பிழையின்றி எழுதினால் ஒரு மிட்டாய் என்று அறிவித்தேன். பிள்ளைகள் 'அம்மா', 'ஆடு', 'படம்' என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொண்டுவந்து நீட்டினார்கள். நீண்ட சொல் ஒன்றையும் எவரும் தொடவில்லை. ஹனோய் நகரத்து வால்கள் என் மேசைமேல் குவிந்தன! மிட்டாய் தீர்ந்த வாரம் பென்சிலும் ஓய்ந்தது.

அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய தவறு. அடுத்தது அப்படியன்று. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, தில்லியிலேயே பிறந்தவள். படத்தைப் பார்த்து 'வாளப்பளம்' என்றாள். 'ழ' சொல்லு என்றேன். முயன்றாள், வரவில்லை. இன்னொரு முறை என்றேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். நானும் சிரித்தேன். தமிழுக்குச் சிறப்பான எழுத்தாயிற்றே, விட்டுவிடலாமா என்ற நல்லெண்ணம்தான். மூன்றாம் முறையும் சொல்ல வைத்தேன்.

அடுத்த வாரம் அவள் கேள்விகளுக்குத் தலையை மட்டும் ஆட்டினாள். அதற்கு அடுத்த வாரம் பென்சிலைத் தேடினாள். பிறகு வரவில்லை. அவள் தாயாரைத் தொலைபேசியில் கேட்டேன். 'என்னவோ தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலையானால் வயிறு வலிக்கிறது என்கிறாள்' என்றார். எனக்கு அந்த வயிற்றுவலியின் பெயர் தெரியும். என் ஆசிரியரைப் பதினான்கு ஆண்டுகளாக மனத்துக்குள் குற்றம் சாட்டிவந்தவன் நான். அன்றிரவு அவரை முதன்முறையாகப் புரிந்துகொண்டேன். அவரும் நல்லெண்ணத்தோடுதான் திருத்தியிருப்பார். விளைவு எண்ணத்தைப் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. தென்காசிப் பக்கத்தில் இருக்கும் என் ஆச்சி வாழ்நாள் முழுவதும் 'பளம்' என்றுதான் சொல்லிவருகிறார். அவரிடம் நான் ஒருநாளும் சிரித்ததில்லை.

அவள் வீட்டுக்குப் போனேன். 'மேரா கிதாப்' கதையை அவளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். 'அண்ணா, கிதாப் தோ லட்கீ ஹை!' என்றாள். புத்தகம் பெண்பிள்ளையாயிற்றே, இதுகூடத் தெரியாதா என்று என்னையே கேட்டாள். சிரிக்கட்டும். அவளுக்கு நான் பட்ட கடன் அது.

இப்போது வகுப்பை மாற்றிவிட்டோம். ஒரு மேசை காய்கறிக் கடை. வாரம் ஒரு பிள்ளை கடைக்காரர். தமிழில் எப்படிக் கேட்டாலும், பொருள் விளங்கினால், கேட்டது கிடைக்கும். திருத்த வேண்டியதைக் கடைக்காரரின் விடையில் வைத்துத் திருப்பிச் சொல்கிறோம். 'வாளப்பளமா? இதோ வாழைப்பழம்.' முதலில் ஒற்றைச் சொல் போதும். அது நிலைத்தபின் இரண்டு சொல். பிறகு முழு வாக்கியம். இதை உளவியலார் படிப்படியாக உருவாக்கல் என்பர். இறுதியில், ஒவ்வொரு பிள்ளையும் ஊரிலிருக்கும் தாத்தாவையோ பாட்டியையோ தொலைபேசியில் அழைத்துத் தமிழில் ஒரு செய்தி சொல்ல வேண்டும். மிட்டாய் இல்லை. மறுமுனையில் பாட்டி விடை சொல்கிறார், அதுவே பலன். மொழிக்கு அதைவிட இயல்பான பரிசு வேறு என்ன இருக்கிறது?

அந்தச் சிறுமி மூன்று வாரம் கழித்து வந்தாள். வந்தும் இரண்டு வாரம் கடையில் வாங்காமல் வேடிக்கை பார்த்தாள். பிறகு ஒருநாள் தானே கடைக்காரியாக அமர்ந்தாள். இப்போது அவள் வாயை மூடுவதுதான் எங்களுக்குப் பெரும்பாடு. 'ழ' இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும்.

நமக்கு உரியது

நண்பர்களே, நம் மன்றத்துக்கு ஆண்டுதோறும் ஊரிலிருந்து புதிய மாணவர்கள் வருகிறார்கள். தமிழ்வழியில் படித்துவந்தவர்கள் கருத்தரங்கில் ஆங்கிலத்தில் பேச எழுகிறார்கள். இந்தி அறியாதவர்கள் மெஸ்ஸில் தயிர் கேட்கிறார்கள். அவர்களின் முதல் தடுமாற்றத்துக்குப் பின் வரும் நொடியில் நாம் என்ன செய்கிறோம்? அவர்கள் சொன்னவிதத்தை அறையில் நடித்துக்காட்டிச் சிரிப்பது நம் வழக்கம். அன்போடுதான் செய்கிறோம். ஆனால் அந்த ஒரு நொடியில் ஒருவர் நான்கு ஆண்டு மௌனத்தைக் கற்றுக்கொள்ளக்கூடும். அதே நொடியில் தயிர்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி, 'இந்தாங்க, தஹீ' என்று சொல்லிவிட்டு நம் சாப்பாட்டைத் தொடரவும் முடியும்.

நம்மையும் நாம் இவ்வாறே பார்த்துக்கொள்ளலாம். ஒரு பழக்கத்தை விட முடியவில்லை என்றால், 'எனக்கு மன உறுதி இல்லை' என்று நொந்துகொள்வதற்கு முன், அச்செயலுக்குப் பின் உடனே என்ன கிடைக்கிறது, எது விலகுகிறது என்று எழுதிப் பாருங்கள். நல்ல பழக்கம் ஒன்று ஒட்டவில்லை என்றால், அதன் பலன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பாருங்கள். ஆண்டு முடிவில் வரும் மதிப்பெண்ணுக்காக இன்றிரவு புத்தகம் திறக்காது. இன்றிரவு படித்ததை நாளைக் காலை ஒரு நண்பனுக்குச் சொல்லிக்காட்டுவதாக வைத்துக்கொண்டால் திறக்கும்.

எங்கள் குடியிருப்பு வாசலில் இப்போது அந்தப் பெரியவரின் மகன் வண்டி தள்ளுகிறார். சென்ற விடுமுறையில் வெண்டைக்காய் வாங்கப் போனேன். என் இந்தி இன்று அவருடையதைப் போலவே இருக்கிறது. நிறுத்துப் போட்டுவிட்டு, நான் கேட்காமலே ஒரு பிடி கொத்தமல்லியைப் பைக்குள் திணித்தார். நாளை மாலையும் நான் அங்கேதான் போவேன்.